டீ ரூமில் உட்கார வைத்த குரல்

டெல்ஃபிக்கு முதன்முதலாகக் குமட்டிக்கொண்டு வந்தது கொச்சி கலூரில் ஒரு பாட்டு ஸ்டூடியோவின் டீ ரூமில். அப்போது அவளுக்கு வயது இருபத்திரண்டு. அன்று காலையில்தான் ஒரு முழுப் பாட்டையும் ட்ராக் பாடி முடித்திருந்தாள்.

ட்ராக் என்றால் இதுதான்: பெயர்பெற்ற பாடகி வந்து பாடுவதற்கு முன்னால், பாட்டு எப்படி வரவேண்டும் என்று காட்டுவதற்காக வேறொருத்தி அதை முழுசாகப் பாடி வைப்பாள். பெயர்பெற்றவள் வந்து, அதைக் காதில் மாட்டிக்கொண்டு, வரிவரியாகக் கேட்டுக் கேட்டுப் பாடிவிட்டுக் காரில் ஏறிப் போவாள். அதற்கப்புறம் முதலில் பாடியவளின் குரலை எச்சில் இலையை எடுப்பதுபோல எடுத்துவிடுவார்கள். தொழில் தெரிந்த யாரும் இதை அநியாயம் என்று சொல்லமாட்டார்கள். வழக்கம் என்பார்கள். கேடுகெட்ட காரியம் எதற்கும் அப்படி ஒரு நல்ல பெயர் இந்த உலகத்தில் தயாராக இருக்கிறது.

கிளம்பலாம் என்று பையை எடுத்தபோது மழை பிடித்துக்கொண்டது. அதே நேரத்தில் பெரிய பாடகியின் கார் வாசலில் வந்து நின்றது. ஸ்டூடியோ மேனேஜர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"மோளே, மேடம் வந்துட்டாங்க. ட்ராக் பாடினவங்க மூஞ்சியப் பார்த்தா அவங்களுக்கு மூட் போயிடும். கொஞ்ச நேரம் அந்த டீ ரூம்ல இரு, கதவச் சாத்திக்கோ."

சாத்திக்கொண்டாள். இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டுகிற அறை. தொட்டி நிறையக் கழுவாத கப்புகள். ஒரு கப்பின் மிச்சத் தேயிலைத் தண்ணீரில் சிகரெட் துண்டு ஊறிக் கிடந்தது. யாரோ தின்றுவிட்டுப் போன பொரோட்டாப் பொட்டலத்தில் எலும்பும் எறும்பும். சுவருக்கு அந்தப் பக்கத்தில் பாட்டு ஆரம்பித்தது.

இரண்டாவது வரியில் ஒரு இடம். அங்கே டெல்ஃபிக்கு மூச்சுப் பற்றாமல் போய், சமாளிப்பதற்காக ஸ்வரத்தை லேசாக வழுக்கவிட்டு எடுத்திருந்தாள். இசையமைப்பாளர் சொல்லிக்கொடுத்ததல்ல, அவள் திணறல் அது. பெரிய பாடகி அந்தத் திணறலையும் விடாமல் அப்படியே பாடினாள். மூச்சு வாங்குகிற இடத்தில் மூச்சும் வாங்கினாள்.

"அடடா, மேடம்! அந்த இடம்! அது உங்களால மட்டும்தான் முடியும்!" என்று இசையமைப்பாளரின் குரல் கேட்டது. காலையில் இதே ஆள்தான் அதே இடத்தைக் கேட்டுவிட்டு டெல்ஃபியிடம், "பரவாயில்ல, ட்ராக்குக்கு இது போதும்" என்றவர்.

அவ்வளவுதான். அடிவயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டு வந்து, கப்புகள் மேலேயே வாந்தி எடுத்தாள். மேடம் போன பிறகு மேனேஜர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "இத யாரு கழுவுறது?" என்று கேட்டார். அவள்தான் கழுவினாள்.

பாட்டு ஊரெல்லாம் ஓடியது. வைப்பின் தீவுக்குப் போகிற பஸ்ஸில் ஏறினாலும் அதுதான், அவள் ஊர் ஞாறக்கல் சந்தையில் மீன் வாங்கினாலும் அதுதான். ஆனால் அதில் ஒரு ரகசியம் இருந்தது. பெரிய பாடகி ஹெட்ஃபோனில் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு பாடியதால், காதில் ஓடிய ட்ராக் கொஞ்சம் கசிந்து அவள் மைக்கிலும் ஏறியிருந்தது. சரணத்துக்கு முன்னால் வாத்தியங்கள் எல்லாம் நிற்கிற ஒரு நொடியில், காதைத் தீட்டிக் கேட்டால், நூலளவுக்கு டெல்ஃபியின் குரல் கேட்கும். இறால் உரிக்கிற ஷெட்டிலிருந்து திரும்பிய தன் அம்மாவை, அம்மச்சியை, பிடித்து உட்காரவைத்து, காதில் மாட்டி, "இப்ப! இப்ப கேட்டுச்சா?" என்றாள்.

"என்னமோ கொசு போன மாதிரி இருந்துச்சு" என்றாள் அம்மச்சி.

"அது நான்தான்."

அந்தக் கொசுவளவு சத்தத்தை வைத்துக்கொண்டு அவள் ஐந்து வருடம் ஓட்டினாள். எங்கே அந்தப் பாட்டு கேட்டாலும் அந்த ஒரு நொடிக்காகக் காத்து நிற்பாள். நின்று கேட்டபிறகு அசிங்கமாக இருக்கும் அவளுக்கு. அடுத்தவள் வீட்டுக் கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பதைப் போல.

இந்தக் கதையை அவள் திரும்பத் திரும்பச் சொன்னது ஓமனச் சேச்சியிடம். செறாயைச் சேர்ந்தவர், ஐம்பதைத் தாண்டியவர், முப்பது வருடமாகக் கோயில் உற்சவத்திலும் சர்ச்சுப் பெருநாளிலும் கானமேளா என்கிற மெல்லிசைக் கச்சேரி பாடுகிறவர். சர்ச் கொயரில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த டெல்ஃபி, பதினெட்டு வயதில் முதன்முதலாக மேடை ஏறியது அவர் பாடிய குழுவில்தான். வேனில் இருவருக்கும் கடைசி சீட். உற்சவத்துக்கு உற்சவம் கத்திக் கத்திச் சேச்சியின் தொண்டை காய்த்துப் போயிருந்தது. அந்தக் காய்ப்போடு அவர் தாழ்ந்த சுருதியில் ஒரு வரி எடுத்தால் கேட்கிறவனுக்கு உள்ளே எதுவோ அறுபடும். ஆனால் கூட்டம் கேட்டதெல்லாம் புதுப் படப் பாட்டு, அதுவும் படத்தில் இருப்பது மாதிரியே வேண்டும். இளம் பாடகிகளைப் போல மூக்கால் பாடிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கி, "முப்பது வருசத்துக்கு முன்னாடி எனக்குள்ள செத்த பொண்ணு குரலை இழுத்துட்டு வந்து பாடினேன்டி, தண்ணி குடு" என்பார்.

"யாரு குரல் இருக்கணும், யாருது போகணும்னு யாரு முடிவு பண்றாங்க, சேச்சி?" என்று ஒருநாள் டெல்ஃபி கேட்டாள்.

"மியூசிக் டைரக்டர்."

"அவன் வாலாட்டுறவன். அவனுக்குச் சொல்றது யாரு?"

"படம் எடுக்கிறவன்."

"அப்ப நான் படம் எடுக்கிறேன்."

ஓமனச் சேச்சி வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரித்தார். வேனில் எல்லோரும் சிரித்தார்கள். ட்ரம்ஸ் வாசிக்கிறவன், "அப்ப எனக்கு ஹீரோ வேஷம்" என்றான்.

டெல்ஃபி சிரிக்கவில்லை. புரொடக்‌ஷன் கண்ட்ரோலர் அலோஷிச் சேட்டனிடம் போய் வேலை கேட்டாள். ஒரு படத்துக்கு ஆள், அறை, வண்டி, சாப்பாடு, அனுமதி என்று சகலத்தையும் கட்டி மேய்க்கிறவர் அவர். "பாடுற பொண்ணுக்கு எதுக்கும்மா இந்தப் பொழப்பு?" என்று மேலும் கீழும் பார்த்தார். பார்க்கட்டும் என்று ஐந்து வருடம் அவருக்குப் பின்னால் அலைந்தாள். அங்கே பார்த்ததெல்லாம் அவள் வயிற்றை இன்னும் கெடுத்தது. கேரவனுக்குள் வாழையிலையில் சுட்ட கரிமீன் பொள்ளித்தது போகும். டெக்னீஷியன்களுக்கு அயிலைக் குழம்பு. கூட்டத்தில் நிற்க வந்த பெண்களுக்கு, முதல் இரண்டு பந்தியில் மிஞ்சியதைத் தண்ணீர் விட்டு நீட்டிக் கொடுப்பார்கள். அந்தப் பெண்கள் ஒதுங்குவதற்கு இடமில்லாமல் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். ஹீரோவின் நாய்க்கு ஒரு அறை இருந்தது, அதற்கு ஏசியும் இருந்தது. சாயங்காலம் அதே ஹீரோ பேட்டியில், "செட்டுன்னா எங்களுக்கு ஒரு குடும்பம் மாதிரி" என்பார். த்தூ.

இருபத்தெட்டு வயதில் டெல்ஃபி தன் சொந்தப் படத்தைத் தொடங்கினாள். குவைத்திலும் அயர்லாந்திலும் நர்ஸாக இருக்கிற அவளுடைய சித்தி மகள்கள், பெரியம்மா மகள்கள் ஐந்து பேர், இரவு ட்யூட்டி பார்த்துச் சேர்த்ததை எடுத்து அவள் கையில் கொடுத்தார்கள். வைப்பினுக்கும் எர்ணாகுளத்துக்கும் இடையே படகு ஓட்டுகிற ஐம்பது வயதுப் பெண்ணின் கதை. படத்தில் எல்லோருக்கும் ஒரே அடுக்களை, ஒரே சோறு, ஒரே மீன். கூட்டத்துப் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வண்டி. அலோஷிச் சேட்டன் தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் ஏற்பாடு செய்தார். ஒரு பத்திரிகைக்காரன் வந்து அதைப் பற்றி அரைப் பக்கம் எழுதினான். டெல்ஃபி அதை வெட்டி ஆபீஸ் சுவரில் ஒட்டிவைத்தாள்.

படத்துக்கு உயிர் ஒரே ஒரு பாட்டு. கடைசிப் படகை ஓட்டி முடித்துவிட்டு, காலி சீட்டுகளைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே அந்தப் பெண் தனக்குள் பாடுகிறாள். மெட்டு டெல்ஃபியுடையது. பாடியது ஓமனச் சேச்சி. ஒரே டேக்கில் பாடினார். கடைசி வரியில் காய்த்த தொண்டை ஒரு கணம் உடைந்து, மறுபடி சேர்ந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சவுண்டு எஞ்சினியர் ஷிஹாப், கையை எடுத்துத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தான்.

"ட்ராக் ஓகேயா மோளே?" என்று கேட்டார் ஓமனச் சேச்சி.

"இது ட்ராக் இல்ல, சேச்சி. இதுதான் பாட்டு. திரையில உங்க பேர் வரும். என் அம்மச்சி மேல சத்தியம்."

"அம்மச்சியச் சும்மா விடு, பாவம். அவளுக்கு ஏற்கெனவே சுகர்" என்றார் சேச்சி. ஆனால் வெளியே போய்ப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை டெல்ஃபி பார்த்தாள்.

படம் முடிந்தது. வாங்குவதற்கு யாரும் வரவில்லை. கடைசியில் வந்தது சுதீஷ் மேனோன் என்று ஒருவன், ஒரு ஆடியோ கம்பெனியின் கொச்சி ஆள். பாட்டை அவன் எடுத்தால்தான் படத்தை எடுக்க விநியோகஸ்தர் தயார். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு, கையில் எப்போதும் ஒரு பச்சை ஜூஸ். பாட்டைக் கண்ணை மூடிக் கேட்டான். கேட்கும்போது தலையை ஆட்டிய விதத்திலேயே டெல்ஃபிக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது.

"நல்ல ஃபீல். சத்தியமா நல்ல ஃபீல். ட்ராக் யாரு பாடினது?"

"ட்ராக் இல்ல. இதுதான் பாட்டு."

"சும்மா விளையாடாதீங்க டெல்ஃபி." உறிஞ்சுகுழாயைச் சப்பினான். "குரல்ல பெருநாள் கூட்டத்து வாடை அடிக்குது. கடலை வறுக்கிற சத்தம்கூட கேக்குது. ஆர்த்ரா வாரியர் பாடட்டும். ஆர்த்ரான்னா நாளைக்கே கையெழுத்து."

"பாடுறது ஐம்பது வயசுப் படகுக்காரி. ஆர்த்ராவுக்கு இருபத்திநாலு வயசு. சர்க்கரைப் பாகு மாதிரி ஒரு குரல்."

"கேக்குறவனுக்குச் சர்க்கரைதானே வேணும்?"

வெளியே போடா என்று சொல்லவேண்டிய இடம் அது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் குவைத்திலிருந்து ஜெஸ்லின் அனுப்பிய குரல் செய்தி கைப்பேசியில் கிடந்தது. "படம் எப்ப வருதுடி? வார்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்." டெல்ஃபி யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்தபோதே முடிவு ஆகிவிட்டது, அது அவளுக்கும் தெரியும், ஜூஸ் குடித்துக்கொண்டிருந்த அந்தப் பிராணிக்கும் தெரியும்.

ஓமனச் சேச்சியிடம் மட்டும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாளைக் கடத்தினாள். நேரில் போய்ச் சொல்லவேண்டும், கைப்பேசியில் சொல்வது மரியாதை இல்லை என்று தனக்கே ஒரு சமாதானம். கோழைத்தனத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டது அவளுக்கே நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் போகவில்லை.

ஆர்த்ரா பாடுகிற நாள் வந்தது. அதே கலூர் ஸ்டூடியோ. மேக்கிங் வீடியோ எடுப்பதற்குக் கேமராக்காரனும் வந்திருந்தான். ஆர்த்ரா வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது ஓமனச் சேச்சி.

பொன்னிறக் கரை போட்ட கசவுப் புடவை, மடிப்புக் கலையாத புதுசு. தலைக்குச் சாயம் போட்டிருந்தார். அவசரத்தில் போட்டது, நெற்றியோரம் கறுப்பாக ஒட்டியிருந்தது. கையில் ஒரு பாட்டில் சக்க வறுத்தது, பலாச்சுளை வறுவல்.

"கேமரா இருக்குன்னு அலோஷி மெசேஜ் அனுப்பிச்சான்ல, அதான் பக்கத்து வீட்டுக்காரிகிட்ட சொல்லிச் சாயம் போட்டேன். எப்படிடி இருக்கேன்? படகுக்காரி மாதிரி இருக்கேனா, படகு மாதிரி இருக்கேனா?"

டெல்ஃபி திரும்பி அலோஷிச் சேட்டனைப் பார்த்தாள். அவர் கைப்பேசியைத் திறந்து பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் பழக்கம் அது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட்டியல், அந்தப் பட்டியலில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே மெசேஜ். 'பாட்டு, பெண்குரல்' என்ற பட்டியலில் ஆர்த்ராவைச் சேர்த்தவர், ஓமனச் சேச்சியை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை. அதைச் சொல்லவேண்டியவளும் டெல்ஃபிதான்.

வாசலில் கார்க் கதவு சாத்துகிற சத்தம். சுதீஷ் மேனோன் குழைந்துகொண்டே யாரையோ வரவேற்கிற சத்தம்.

"யாரு மோளே வர்றது?"

நிஜத்தைச் சொல்லிவிடு என்று டெல்ஃபிக்கு உள்ளே ஒரு குரல் சொன்னது. வாய் வேறொன்றைச் சொன்னது.

"சேச்சி, கொஞ்ச நேரம்... கொஞ்ச நேரம் அந்த டீ ரூம்ல இருங்க. நான் வந்து கூப்பிடறேன்."

ஓமனச் சேச்சி உடனே நகரவில்லை. டெல்ஃபியின் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம், புதுசாகத் துணி விரித்து, தேன் கலந்த வெந்நீர் வைத்திருந்த மேசையைப் பார்த்தார். முப்பது வருடம் பாடியவர். யாருக்கு அந்த வெந்நீர் என்று அவருக்குச் சொல்லவேண்டியதில்லை.

"கதவச் சாத்திக்கணுமா?" என்று கேட்டார்.

டெல்ஃபி தரையைப் பார்த்தாள். சேச்சி போய்த் தானே சாத்திக்கொண்டார். சக்க வறுத்த பாட்டில் சோபாவில் தனியாக இருந்தது.

ஆர்த்ரா நல்ல பெண்தான், அதில் ஒன்றும் குறையில்லை. வந்ததும் எல்லோரையும் கும்பிட்டாள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ட்ராக்கை முழுசாகக் கேட்டாள்.

"ஐயோ, எவ்வளவு ஸ்வீட்டா பாடியிருக்காங்க! யாரு சேச்சி இது?" என்று டெல்ஃபியைக் கேட்டாள்.

சுதீஷ் மேனோன் முந்திக்கொண்டான். "ஒரு கானமேளாக்காரம்மா. சும்மா ரெஃபரன்ஸுக்கு."

ஆர்த்ரா வரிவரியாகப் பாடினாள். கடைசி வரியில் அந்த உடைகிற இடம் வந்தது. இளம் தொண்டை அங்கே உடையவில்லை. மூன்று தடவை முயன்றும் வழவழவென்று போனது. நான்காவது தடவை ட்ராக்கின் சத்தத்தை நன்றாகக் கூட்டிவைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே, குரலை வேண்டுமென்றே நசுக்கி உடைத்தாள். புதுப் பாத்திரத்தில் விரிசல் வரைந்ததுபோல் இருந்தது.

"அந்த இடம்! அது ஆர்த்ராவால மட்டும்தான் முடியும்!" என்று எழுந்து கைதட்டினான் சுதீஷ் மேனோன்.

அதே வார்த்தைகள். அவன் கைதட்டியதோடு நிற்காமல் டெல்ஃபியையும் பார்த்தான், நீயும் தட்டு என்கிற மாதிரி. தட்டினாள். தட்டிய கைகளைப் பிறகு பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

ஆர்த்ரா கிளம்பிப் போனாள். சுதீஷ் மேனோன் அவளைக் கார்வரைக்கும் கொண்டுவிடப் போனான். ஷிஹாப் மட்டும் போட்டதைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு இடத்தில் நிறுத்தினான். இரண்டு விநாடி பின்னால் போய் மறுபடி போட்டான்.

"டெல்ஃபி, இதக் கேளு."

கடைசி வரிக்கு முன்னால் எல்லாம் அடங்குகிற இடம். ஆர்த்ரா மூச்செடுப்பதற்குள், ஹெட்ஃபோனிலிருந்து கசிந்து, நூலளவுக்கு, கொசுவளவுக்கு, ஓமனச் சேச்சியின் குரல்.

ஷிஹாப் திரும்பிப் பார்க்கவில்லை. "லீக் ஆயிருக்கு. எடுக்கலாம், ரெண்டு நிமிச வேலை. விடலாம்னாலும் விடலாம், யாருக்கும் தெரியாது. என்ன பண்ணட்டும்? நீதான் புரொட்யூசர்."

நீதான் புரொட்யூசர். ஐந்து வருடம் அலைந்தது இந்த நாற்காலிக்குத்தான். யார் குரல் இருக்கவேண்டும், யார் குரல் போகவேண்டும் என்று முடிவு பண்ணுகிற நாற்காலி. விட்டுவிடலாம். ஆனால் அதை விட்டால், இனி ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு நொடியில் தன் மூஞ்சியில்தான் அது காறித்துப்பும் என்று டெல்ஃபிக்குத் தோன்றியது. பஸ்ஸில், சந்தையில், சாவு வீட்டில், எங்கே கேட்டாலும். தன் வெட்கத்தை மறைத்துக்கொள்வதற்காகத்தான் அவள் அதைச் சொன்னாள், வேறெதற்காகவும் இல்லை.

"எடுத்துடு."

ஷிஹாப் எடுத்தான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

டீ ரூம் கதவைத் திறந்தபோது டெல்ஃபிக்கு முதலில் தெரிந்தது தொட்டி. காலியாக இருந்தது. கப்புகள் எல்லாம் கழுவி, பழைய செய்தித்தாள் மேல் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஓமனச் சேச்சி புதுக் கசவுப் புடவையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு, கடைசிக் கப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அழுக்குடி இது, சீ! மனுசங்க டீ குடிக்கிற இடமா? சும்மா உக்கார முடியல, கழுவிட்டேன்."

"சேச்சி..."

"நல்லாத்தான் பாடினா அந்தப் பொண்ணு. சுவர் வழியா கேட்டுது. கடைசில மட்டும் அழுத்திட்டா. அங்க அழுத்தக் கூடாது, விட்டுடணும். சின்னப் பொண்ணுதானே, ஒடைய நாளாகும்."

"சேச்சி, நான் முதல்லயே சொல்லியிருக்கணும். அஞ்சு பேரு காசு, படம் வெளிய வரலைன்னா..."

"போதும் மோளே." சேச்சி கப்பைக் கவிழ்த்து வைத்தார். "நான் பாக்காத டீ ரூமா? இதவிடக் கேவலமான இடத்துல எல்லாம் உக்காந்திருக்கேன். அத விடு. ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. இதே ரூம்ல நீ வாந்தி எடுத்த கதை இருக்கே, அத என்கிட்ட நூறு தடவ சொல்லியிருக்க. இனிமே அதச் சொல்லாத. யார்கிட்டயும்."

புடவையை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே போனார். சோபாவில் இருந்த சக்க வறுத்த பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அதை அலோஷிச் சேட்டன்தான் பிறகு தின்றார்.

படம் வந்தது. ஓடியது. பாட்டு படத்தைவிட நன்றாக ஓடியது. திரையில் ஆர்த்ராவின் பெயர் வந்தது. ஓமனச் சேச்சியின் பெயரும் வந்தது, கடைசியில், எல்லோரும் எழுந்து வாசலுக்குப் போகிற நேரத்தில், கேட்டரிங்காரருக்கும் ஜெனரேட்டர்காரருக்கும் நடுவில், 'நன்றி' என்ற தலைப்பின் கீழ். ஒரே அடுக்களை, ஒரே சோறு என்பதைப் பற்றி இன்னும் நான்கு பத்திரிகைகள் எழுதின. டிவிக்காரி ஒருத்தி வந்து, "இசையிலிருந்து தயாரிப்புக்கு வந்த உங்கள் பயணத்தில் மறக்கமுடியாத தருணம் எது?" என்று மைக்கை நீட்டினாள். டெல்ஃபி வாய்க்கு வந்ததைச் சொன்னாள். சொன்னதில் டீ ரூம் வரவில்லை.

ஜனவரியில் ஞாறக்கல் சர்ச்சில் பெருநாள். ஊர்க்காரி, படம் எடுத்தவள் என்று டெல்ஃபியை மேடையில் உட்காரவைத்தார்கள். சாயங்காலப் பூசை முடிந்ததும் கானமேளா. கமிட்டித் தலைவர் வர்க்கிச் சேட்டன் பக்கத்து நாற்காலியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். நாலைந்து பாட்டுக்குப் பிறகு அறிவிப்பாளன் மைக்கைப் பிடித்தான்.

"அடுத்ததாக! இந்த வருசம் கேரளத்தையே அழ வச்ச பாட்டு! ஆர்த்ரா வாரியர் பாடிய 'கடைசிப் படகு'! உங்களுக்காகப் பாட வர்றாங்க, நம்ம செறாய் ஓமனா!"

ஓமனச் சேச்சி வந்து மைக்கின் முன்னால் நின்றார். அதே கசவுப் புடவை. டெல்ஃபி பக்கம் பார்க்கவில்லை. பாடினார்.

எல்லாம் இருந்தது. தாழ்ந்த சுருதி, காய்த்த தொண்டை, காலி சீட்டுகளைக் கூட்டிப் பெருக்குகிற களைப்பு. கடைசி வரி வந்தது. டெல்ஃபி நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சேச்சி அந்த இடத்தில் தன் குரலை உடையவிடவில்லை. ஆர்த்ரா நசுக்கியதைப் போலவே நசுக்கினார். கூட்டம் கேட்டுப் பழகியது அதுதானே.

மைதானம் ஓவென்று எழுந்தது.

"அச்சு அசல்!" வர்க்கிச் சேட்டன் டெல்ஃபியின் தோளைத் தட்டினார். "கண்ண மூடினா ஆர்த்ராதான்! காப்பி அடிக்கிறதுல இந்த அம்மாவ மிஞ்ச ஆளே இல்ல. நீங்க ஒரு பொன்னாடை போத்தி ரெண்டு வார்த்தை சொல்லணும்."

பொன்னாடையைக் கையில் திணித்தார்கள். மைக்கையும் கொடுத்தார்கள். அத்தனை ஜனம் எதிரே இருந்தது. அம்மச்சி முதல் வரிசையில் இருந்தாள். இந்தப் பாட்டை முதலில் பாடியது இவங்கதான் என்று ஒரே ஒரு வாக்கியம் போதும். காப்பி அடித்தது யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். ஆடியோ கம்பெனிக்கும் தெரிந்துவிடும். அடுத்த படத்துக்கும் பாட்டை வாங்குகிறேன் என்று சுதீஷ் மேனோன் போன வாரம்தான் சொல்லியிருந்தான்.

"ரொம்ப நல்லா பாடினாங்க" என்றாள் டெல்ஃபி. "அப்படியே... ஆர்த்ரா மாதிரியே இருந்துச்சு."

கைதட்டல். பொன்னாடையைப் போர்த்தும்போது ஓமனச் சேச்சியின் வாய் அவள் காதுக்குப் பக்கத்தில் வந்தது. திட்டட்டும், இப்போதாவது திட்டட்டும் என்று டெல்ஃபி ஏங்கினாள்.

"அடுத்த படம் ஆரம்பிச்சிட்டியாமே" என்றார் சேச்சி, மைக்குக்குக் கேட்காமல். "ட்ராக் பாட யாரையும் சொல்லிட்டியா மோளே? இல்லன்னா என்னையே கூப்பிடு. எப்ப வரணும், எப்ப போகணும்னு எனக்குத் தெரியும்."

வயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டு கிளம்பியது. மேடையில் தொட்டி எதுவும் இல்லை. போட்டோக்காரன் கீழே மண்டியிட்டு, "மேடம், இங்க பாருங்க, சிரிங்க" என்றான். டெல்ஃபி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு சிரித்தாள். வாய்வரைக்கும் வந்ததை அப்படியே திரும்ப விழுங்கினாள்.